வாசகர் கேள்வி – பதில்: பேரிடருக்கு ஒரு நகரம் எப்படித் தயாராகிறது?

பெருவெள்ளம், நிலநடுக்கம், குண்டுவெடிப்பு, நச்சுவாயுக் கசிவு போன்ற பெரும் அவசரநிலைகளை ஒரு நகரம் எவ்வாறு எதிர்கொள்ளத் திட்டமிடுகிறது என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

ஆபத்துகள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் உண்டா? திட்டமிடல் எங்கிருந்து தொடங்குகிறது?
(கல்லூரி மாணவி ஒருவர்)

ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு தனித் திட்டம் எழுதிக்கொண்டே போனால், எழுதாமல் விட்ட ஆபத்து ஒன்று ஒருநாள் வந்து நிற்கும். ஆகவே இன்று பல நகரங்கள் பொதுவான ஓர் அடிப்படைத் திட்டத்தை வகுத்துக்கொண்டு, வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தொற்றுநோய்க்கும் உரிய தனிக் குறிப்புகளை அதனோடு இணைத்துக்கொள்கின்றன. எந்தப் பேரிடர் வந்தாலும் செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பகுதி ஒன்றாகவே இருப்பதுதான் இதற்குக் காரணம். மக்களை எச்சரிக்க வேண்டும். சிக்கியவர்களை மீட்க வேண்டும். காயமுற்றவர்களை மருத்துவமனைகளில் சேர்க்க வேண்டும். வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடமும் குடிநீரும் தர வேண்டும். இறந்தவர்களை அடையாளம் கண்டு மரியாதையோடு உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். இறுதியாகச் சொன்ன வேலையைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். அதனாலேயே பல திட்டங்களில் அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

திட்டம் தொடங்க வேண்டிய இடம் வரைபடம் என்பார்கள். அது உண்மைதான், தண்ணீர் எங்கே தேங்கும், ரசாயனக் கிடங்கு எங்கே இருக்கிறது, தனியே வாழும் முதியவர்கள் எந்தத் தெருக்களில் அதிகம் என்பன தெரியாமல் எதுவும் எழுத முடியாது. ஆனால் என் அனுபவத்தில் அதைவிடவும் முதன்மையானது, திட்டத்தில் பெயர் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிந்திருப்பது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தின் திட்டத்தைச் சரிபார்க்கும் குழுவில் நானும் இருந்தேன். அழகாகக் கட்டமைக்கப்பட்ட அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருந்த தொலைபேசி எண்களை, ஒரு பிற்பகலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தோம். ஒருவர் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகியிருந்தது. இன்னொரு எண்ணில் பேசிய பெண்மணி, தமக்கும் அந்தத் துறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றார். மின்வாரியத்துக்கு உரியதாகக் குறிக்கப்பட்டிருந்த எண் ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுக்க யாரும் இல்லை. அன்று முதல், எந்தத் திட்டம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் கடைசிப் பக்கங்களைத்தான்.

தீயணைப்பு, காவல், மருத்துவம், மின்சாரம் என்று பல துறைகள் ஒரே இடத்தில் கூடும்போது யார் சொல்வதை யார் கேட்பது?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்)

இந்தக் கேள்விக்கு விடை காண ஒரு மாநிலமே எரிய வேண்டியிருந்தது. 1970 இலையுதிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் 13 நாள்கள் தொடர்ந்து பரவிய காட்டுத்தீயில் 16 பேர் இறந்தனர். சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. தீயை அணைக்கப் பல அமைப்புகளிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள், துணிவுக்கும் குறைவில்லை. ஆனால் ஓர் அமைப்பின் வானொலிக் கருவி மற்றோர் அமைப்பின் கருவியோடு பேசவில்லை. ஒரே பொருளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள். யார் தலைவர் என்பதும் தெளிவாக இல்லை. அந்தத் தோல்வியை ஆராய்ந்ததில் பிறந்ததுதான் இன்று உலகின் பல நாடுகளில் வழங்கும் 'இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்' என்னும் நிகழ்விடக் கட்டளை முறை.

அதன் அமைப்பை எளிதாகச் சொல்லிவிடலாம். நிகழ்விடத்துக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், பொருள் வழங்கல், நிதிக் கணக்கு என்று நான்கு பிரிவுகள். ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மூன்று முதல் ஏழு பேர் வரைதான் இருக்கலாம். ஐவர் என்பது சிறந்த அளவு. குறியீட்டு எண்களில் பேசாமல் எல்லோருக்கும் புரியும் எளிய சொற்களில் பேச வேண்டும் என்பதும் விதி. பல துறைகள் சம அளவில் தொடர்புடைய நிகழ்வில், அத்துறைகளின் தலைவர்கள் ஒரே இடத்தில் கூடி நின்று ஒரே ஆணையாகப் பிறப்பிக்க வேண்டும். முறையின் வலிமை, ஒரு சாலை விபத்துக்கும் ஒரு பெரும் நிலநடுக்கத்துக்கும் அதே கட்டமைப்பு விரிந்தும் சுருங்கியும் பயன்படுவதில் இருக்கிறது. நாள்தோறும் சிறிய நிகழ்வுகளில் பழகியவர்களுக்கே பெரிய நாளில் அது கைகொடுக்கும்.

களத்தில் இருப்பவரும் நகரக் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவரும் வேறு வேறு வேலை செய்பவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு மையம் தீயை அணைப்பதில்லை. அணைப்பவருக்குத் தண்ணீரும் ஆளும் வழியும் கிடைக்கச் செய்கிறது. அந்த மையமே அழிந்துவிட்டால் என்ன செய்வது? 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்குக்கு அதுதான் நேர்ந்தது. அந்நகரின் அவசரநிலை மையம் உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. காலையில் அதைக் காலி செய்தார்கள். மாலையில் அந்தக் கட்டடமே இடிந்து விழுந்தது. அதற்கு மறுநாள் நடக்கவிருந்த ஒரு பயிற்சிக்காக ஹட்சன் ஆற்றங்கரையில் 92-ஆம் எண் துறைமுகக் கட்டடத்தை முன்பே ஏற்பாடு செய்திருந்ததால், மையத்தை அங்கே மாற்றி நிறுவ முடிந்தது. ஒரு நகரம் தன் மாற்று இடத்தைத் தற்செயலின் கையில் விட்டுவிடக் கூடாது.

பெரிய விபத்து என்றால் ஆம்புலன்ஸ்கள் காயமுற்றவர்களைத் தக்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் என்று நம்பலாமா?
(செவிலியர் பயிற்சி பெறும் வாசகர் ஒருவர்)

திட்டம் எழுதுபவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள், மக்கள் காத்திருப்பதில்லை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோவின் சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ என்ற அமைப்பினர் சாரின் நச்சைப் பரப்பியபோது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேடினர். அருகிலிருந்த செயிண்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடந்தோ, டாக்சியிலோ, வழியில் போன வாகனங்களிலோ வந்தவர்கள். நச்சு இன்னதென்று முதலில் தெரியவில்லை. வாசலிலேயே உடையைக் களைந்து உடலைக் கழுவும் ஏற்பாடும் இல்லை. நோயாளிகளின் உடையிலிருந்து எழுந்த ஆவி, காற்றோட்டம் குறைந்த அறைகளில் தங்கி, மருத்துவர்களையும் செவிலியர்களையும் தாக்கியது.

அதே மருத்துவமனை இன்னொரு பாடத்தையும் தருகிறது. பெரும் பேரிடர் ஒருநாள் வரும் என்று எண்ணிய அதன் தலைவர் ஷிகேயாகி ஹினோஹாரா, புதிய கட்டடம் எழுந்தபோது நடைவழிகளிலும் தேவாலயத்திலும்கூட ஆக்சிஜன் குழாய்கள் பதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். வீண் செலவு என்ற விமர்சனம் எழுந்தது. சாரின் நாளில் படுக்கைகள் நிறைந்து, நடைவழிகளிலும் தேவாலயத்திலும் மக்களைக் கிடத்திச் சிகிச்சை அளித்தபோது அந்தக் குழாய்களுக்கு வேலை வந்தது.

காயமுற்றவர்களைத் தரம்பிரிப்பதை மருத்துவர்கள் ட்ரையாஜ் என்பார்கள். உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு அட்டை, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்க முடிந்தவருக்குப் பச்சை, காப்பாற்ற இயலாதவருக்கும் இறந்தவருக்கும் கறுப்பு. 1983 இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் உருவான 'ஸ்டார்ட்' முறையில் பணியாளர் முதலில் உரக்கச் சொல்வது, "நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்பதுதான். அந்த ஒரே வாக்கியத்தால் கூட்டத்தில் பெரும்பகுதி தானே பிரிந்துவிடும். எஞ்சிக் கிடப்பவர்களில் ஒவ்வொருவரிடமும் மூச்சு, இரத்த ஓட்டம், சொன்னது புரிகிறதா என்ற மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து அட்டை கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். எளிய விதிதான், ஆனால் மூச்சற்றுக் கிடக்கும் ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்வது மனிதரின் இயல்புக்கு எதிரானது. பலமுறை பயின்றவர்களாலேயே அதைச் செய்ய முடியும். உங்கள் பயிற்சியில் இதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்றால், கேட்டுப் பெறுங்கள்.

நன்றாக நடந்ததற்கும் சான்று உண்டு. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தபோது மூவர் நிகழ்விடத்திலேயே உயிரிழந்தனர். 260-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மருத்துவமனைகளுக்கு உயிரோடு கொண்டு சேர்க்கப்பட்ட அனைவரும் பிழைத்தார்கள். எல்லோரையும் மிக அருகிலுள்ள ஒரே மருத்துவமனையில் குவிக்காமல், பலவற்றுக்கும் பகிர்ந்து அனுப்பியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஓட்டம் முடியும் இடத்தில் ஓட்டக்காரர்களுக்காக அமைத்திருந்த மருத்துவக் கூடாரமும், மருத்துவமனைகளில் பணிமுறை மாறும் வேளையாக இருந்ததால் இரு முறைப் பணியாளர்களும் கிடைத்ததும் உதவின. இவற்றில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. பகிர்ந்து அனுப்பியது மட்டும் முன்பே பயின்ற வேலை.

மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் செய்தியைத் தாமதப்படுத்துவது சரியா?

சரியன்று. பேரிடர்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் 1963 முதல் ஓர் ஆய்வு மையம் கள ஆய்வுகளால் பதிவு செய்துவருகிறது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லி பலமுறை எடுத்துக்காட்டியது, கண்மூடித்தனமான பீதி மிக அரிது என்பதையே. மக்கள் முதலில் செய்வது குடும்பத்தாரைத் தேடுவது. அடுத்துச் செய்வது அருகில் இருப்பவருக்கு உதவுவது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் உறவினரும் அண்டை வீட்டாருமே. மீட்புப் படை வந்து சேருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. அவர்களுக்குச் செய்தியைத் தாமதப்படுத்துவது, முதல் மீட்புப் படையை இருட்டில் நிறுத்துவதற்குச் சமம்.

எச்சரிக்கை என்பது என்ன ஆபத்து, எந்தப் பகுதிக்கு, எந்நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும், சொல்பவர் யார் என்ற ஐந்தையும் கொண்டிருக்க வேண்டும். தவறாகப் போய்விட்டால் திருத்தும் வழியும் அதே வேகத்தில் இருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற தவறான செய்தி எல்லாக் கைப்பேசிகளுக்கும் போனது. அதே வழியில் மறுப்புச் செய்தி போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. அந்த நிமிடங்களில் தம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு காத்திருந்த பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

என் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஊரைக் காலி செய்யச் சொன்னால் நான் என்ன செய்வேன்? இதை எந்தத் திட்டமாவது எண்ணிப் பார்க்கிறதா?
(ஒரு வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். எண்ணிப் பார்க்காத திட்டம் என்ன விளைவைத் தரும் என்பதை உலகம் 2005 ஆகஸ்டில், கத்ரினா புயல் தாக்கிய அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கண்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2004 ஜூலையில், 'பாம்' என்று பெயரிட்ட ஒரு கற்பனைப் புயலை வைத்து அதிகாரிகள் ஐந்து நாள் பயிற்சி நடத்தியிருந்தார்கள். நகரம் நீரில் மூழ்கும் என்பதும், பெருந்தொகையான மக்கள் வெளியேற இயலாமல் நின்றுவிடுவார்கள் என்பதும் அப்போதே பேசப்பட்டன. ஆயினும் கத்ரினா வந்தபோது வெளியேறும் ஆணை, சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களுக்கே பயன்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு வாகனமே இல்லை. அவர்களை ஏற்றிச் செல்லப் பயன்பட்டிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் நிறுத்தியிருந்த இடத்திலேயே வரிசை வரிசையாக வெள்ளத்தில் மூழ்கி நின்றன.

நல்ல திட்டத்தில் மூன்று செய்திகள் முன்கூட்டியே இருக்கும்: தாமாக நகர முடியாதவர்களின் விருப்பப் பதிவேடு, அவர்களைத் தூக்கிச் செல்ல உரிய வாகனத்துக்கும் ஆளுக்கும் ஒப்பந்தம், போய்ச் சேரும் இடத்தில் மின்சாரமும் மருந்தும். உங்கள் நகரில் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா என்று எழுத்து வடிவில் கேளுங்கள். இருந்தால் தாயாரின் பெயரை இன்றே சேர்த்துவிடுங்கள். அவருடைய மருந்துகளின் பெயர், அளவு, சிகிச்சை தரும் மருத்துவர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நீர் புகாத உறையிலிட்டு அவரது கட்டிலருகே வையுங்கள். அவரைத் தூக்க உங்களோடு இன்னும் இருவர் வேண்டும். அந்த இருவர் யார் என்று அக்கம்பக்கத்தில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வளர்ப்புப் பிராணிகளை விட்டுவிட்டு வர மனமின்றி வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் கத்ரினாவில் பலர். அதன் பிறகு அமெரிக்காவில் 2006 இல் அவற்றையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்கச் சட்டமே இயற்றினார்கள்.

ஒத்திகைகள் வெறும் சடங்காகவே தெரிகின்றன. அவற்றால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் தவறான ஒத்திகை உயிரையும் பறிக்கும். இதைச் சொல்ல எனக்கு ஜப்பானின் கமாய்ஷி நகரத்தைவிடப் பொருத்தமான சான்று தெரியாது.

2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்தபோது, அந்நகரின் உனோசுமாய் பகுதியில் இருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைக் கண்டு தாமும் கிளம்பினார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முன்பே குறித்திருந்த இடத்தை அடைந்ததும், பின்புறச் சரிவு சரிந்திருப்பதைக் கண்டு, இது போதாது என்று இன்னும் உயரமான இடத்துக்குப் போனார்கள். அங்கிருந்தும் மேலே ஏறினார்கள். பின்னால் ஆழிப்பேரலை அவர்கள் விட்டுவந்த இடங்களை விழுங்கியது. வரைபடத்தை நம்பாதே, நிலைமையைப் பார், உன்னால் இயன்றதில் சிறந்ததைச் செய் என்று அவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்திருந்தார்கள்.

அதே உனோசுமாயில் பேரிடர் தடுப்பு மையம் என்ற பெயரில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அது ஆழிப்பேரலைக்கு உரிய புகலிடம் அன்று. ஆனால் மலைமேட்டிலிருந்த உண்மையான புகலிடம் முதியவர்களுக்குத் தொலைவு என்பதால், ஒத்திகைகளை அந்த மையத்திலேயே நடத்திப் பழகியிருந்தார்கள். நிலநடுக்கம் வந்ததும் மக்கள் பழகிய இடத்துக்கே ஓடினார்கள். அங்கே இறந்தவர்கள் 160-க்கும் மேற்பட்டோர் என்று கருதப்படுகிறது. எளிதாக இருக்கட்டும் என்று நடத்திய ஒத்திகை, போகக் கூடாத இடத்துக்குப் போகும் வழியைக் கால்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் இதை மறைத்து ஒத்திகையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

ஆகவே ஒத்திகையில் ஏதேனும் ஒன்று பழுதாக வேண்டும் என்றே நடத்துபவர் விரும்ப வேண்டும். கண்டுபிடித்த குறையை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதி வைக்க வேண்டும். 1987 இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத் தீயில் 31 பேர் இறந்த பிறகு, நிலத்தடியில் மீட்புப் படையினரின் வானொலிகள் இயங்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 2005 ஜூலை 7 அன்று அதே நகரத்தின் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, நிலத்தடியில் இருந்தவர்கள் செய்தி சொல்ல மேலே ஓடிவர வேண்டியிருந்தது. இடையில் கழிந்தது 18 ஆண்டுகள்.

வெப்ப அலையும் இதில் சேருமா?

சேரும். 1995 ஜூலையில் சிகாகோவில் வழக்கமான இறப்புக்கு மேல் 739 பேர் இறந்தனர். அவர்களில் தனியே வாழ்ந்த முதியவர்கள் மிகுதி. கட்டடம் எதுவும் இடியாததால், சவக்கிடங்கு நிரம்பிக் குளிர்பதன லாரிகளை வரவழைக்கும் வரை நகருக்கு உறைக்கவில்லை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் 1,344 கூடுதல் இறப்புகள் கணக்கிடப்பட்டன; அதன் விளைவாக 2013 இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னறிவிப்பைப் பார்த்து மருத்துவமனைகளையும் களப் பணியாளர்களையும் முன்கூட்டியே தயார்ப்படுத்துவதே அதன் மையம்.

என் நகரில் உண்மையான திட்டம் இருக்கிறதா, காகிதத் திட்டம்தானா என்று சாதாரணக் குடிமகன் எப்படி அறிவது?
(ஆசிரியர் ஒருவர்)

சில கேள்விகளை உங்கள் நகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். திட்டம் கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது? கடைசி ஒத்திகையில் கண்ட குறைகள் யாவை, அவற்றுள் எவை சரிசெய்யப்பட்டன? கட்டுப்பாட்டு மையம் பயன்படாமல் போனால் மாற்று இடம் எது? மருத்துவமனைகளின் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது, அதற்கு எரிபொருள் ஏற்றும் பம்ப் எந்தத் தளத்தில் இருக்கிறது?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் மட்டும் அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் புகுந்து அவை நின்றன. மருத்துவமனை ஊழியர்களும் தேசியக் காவற்படையினரும் இருண்ட படிக்கட்டில் வரிசையாக நின்று, எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி 13 மாடிகளும் ஏற்றினார்கள். இறுதியில் மருத்துவமனை முழுவதையும் காலி செய்ய வேண்டி வந்தது. நோயாளிகளை அதே படிகளில் இறக்கினார்கள்.

நகராட்சியிலிருந்து வரும் பதிலின் நகலை எனக்கும் அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் தெரிவியுங்கள். அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்பதை இதே பகுதியில் சேர்ந்து பார்ப்போம்.